பத்தாம் நாள் சிக்கும் பூட்டு

மூன்றாவது முறையும் அது பத்தாம் நாளில்தான் சிக்கியது.

முதல் ஒன்பது நாள் அந்தக் கத்தியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. கட்டைவிரலால் தள்ளினால் அலகு சுழன்று வெளியே வந்து ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். மடக்க வேண்டுமென்றால் பூட்டுப் பட்டையை விரல்நுனியால் ஒதுக்கினால் போதும், விட்டுவிடும். பத்தாம் நாள் காலை ஸலாமி இறைச்சியை நறுக்கி முடித்து மடக்கப் போனேன். பட்டை அசையவில்லை. நகம் வெளுக்கும்வரை அழுத்தினேன். கடைசியில் ‘பட்’டென்று விட்டபோது அலகு நேராக என் கட்டைவிரல் மேல் வந்து விழுந்தது. ஆழமான வெட்டு இல்லை. ஆனாலும் ரத்தம் சொட்டியதால் தட்டிலிருந்த பாலாடைக்கட்டியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

இந்த வகைப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கதி முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கைப்பிடியின் ஒரு பக்கம் டைட்டானியத் தகடு. அந்தத் தகட்டிலேயே நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, ஒரு பட்டையைப் பிரித்தெடுத்து, உட்பக்கம் வளைத்திருப்பார்கள். அலகு மடங்கியிருக்கும்போது அந்தப் பட்டை அலகின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு காத்திருக்கும். அலகு முழுதாகத் திறந்ததும் அதற்கு வழி கிடைக்கிறது. உள்ளே பாய்ந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் நின்றுகொள்கிறது. அலகின் எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்ன எஃகு உருளை இருக்கும். அலகு அளவுக்கு மேல் திறந்துவிடாமல் தடுப்பது அதுதான். இந்தப் பக்கம் பட்டை, அந்தப் பக்கம் தடுப்பு உருளை, நடுவில் அலகு அசையாமல் நிற்கும்.

பட்டை வந்து முட்டுகிற அலகின் முகம் நேராக இருக்காது. கொஞ்சம் சாய்வாகத் தேய்த்திருப்பார்கள். அந்தச் சாய்வு அதிகமானால் பட்டை வழுக்கிக்கொண்டு வெளியேறும், அறுத்துக்கொண்டிருக்கும்போதே கத்தி மடங்கிவிடும். சாய்வு குறைந்தால் பட்டை ஆப்புப் போல இறுகி, வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அப்படியானால் சாய்வில்தான் கோளாறு என்று சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சாய்வு தப்பாக இருந்தால் முதல் நாளே சிக்க வேண்டும். சாய்வுக்கு நாட்காட்டி பார்க்கத் தெரியாது. ஒன்பது நாள் ஒழுங்காக இருந்துவிட்டுப் பத்தாம் நாள் மட்டும் ஏன்?

என் வேலை, கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு வாழ்வது. கத்தி செய்தே பிழைக்கிற எங்கள் ஊர் மனியாகோவில் இதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. புது மாடல் ஒன்று தயாரானதும் பட்டறையில் முதல் கத்தியை என்னிடம் கொடுப்பார்கள். நாற்பது நாள் அது என் கால்சட்டைப் பையில் இருக்கும். பார்சல் கயிறு, அட்டைப் பெட்டி, சிமெண்ட் மூட்டை, ஆப்பிள், திராட்சைக் கொடியின் கட்டு, எது வந்தாலும் அதால்தான் வெட்டுவேன். சாவியோடு உரசினால் எங்கே கீறுகிறது, உட்காரும்போது இடுப்பில் எங்கே குத்துகிறது, ஈரக் கையில் பிடி நழுவுகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறேன், எல்லாம் குறித்துக்கொள்வேன். முடிவில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பக்கத்தை அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் மடித்து வைப்பார்கள். ‘ஓண்டினா பிளாத்தேயோ இதைச் சுமந்து பார்த்தார்’ என்று தொடங்கும். இந்தத் தடவை இரண்டாயிரம் பெட்டிகள். நான் கையெழுத்துப் போட்டால் இரண்டாயிரம் பேர் என்னை நம்பிக் கட்டைவிரலை வைப்பார்கள்.

கத்தியைக் கோர்த்தவன் லோரிஸ். முதலாளி வில்மா அம்மாளின் பட்டறையில் சாய்வைத் தேய்ப்பது, உறுப்புகளைப் பொருத்துவது இரண்டும் அவன் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக அவன் கோர்க்கிறான், நான் சுமக்கிறேன். என் மகளுக்கு ஞானத்தகப்பன். கோர்த்து முடித்ததும், அலகு சுழல்கிற அச்சுத் திருகின் தலையில் ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் வைப்பான். சோதிக்கிறவர்கள் அந்தப் புள்ளியை உடைப்பதில்லை. உடைத்தால், உன் வேலை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எங்கள் ஊரில் அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் ஒரே மதுக்கடையில் நிற்க மாட்டார்கள்.

அதனால் முதல் தடவை சிக்கியபோது நான் திருகைத் தொடவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு லோரிஸிடம் போனேன்.

“டாக்டரம்மா வந்தாச்சு! நோயாளி யாரு?” என்றான்.

“உன் பிள்ளைதான். மடங்க மாட்டேங்குது.”

அவன் திறந்து பார்த்தான், அழுத்திப் பார்த்தான், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். “ஏம்மா, கால்சட்டைப் பைக்குள்ள கம்பளிக் கடை நடத்துறியா? பஞ்சு போய் அடைச்சிருக்கு. நீ ஒரு காபி போட்டுக் குடி, ரெண்டே நிமிஷம்.”

உள்ளறைக்குப் போனான். நான் காபியை முடிப்பதற்குள் திரும்பி வந்தான். சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. பட்டை விரல் பட்டதும் ஒதுங்கியது.

“என்ன பண்ணினே?”

“ஊதினேன். அவ்வளவுதான்.”

இரண்டாவது தடவையும் இதே கதை. இந்த முறை பஞ்சுக்குப் பதில் வியர்வை. “உனக்கு வயசாகுது, உப்பு கூடுது,” என்றான். நானும் சிரித்தேன். அவன் சொன்னதை நம்பினேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வந்து என் பைகளை உட்புறம் வெளியே திருப்பித் துவைத்தேன். கம்பளிக் கால்சட்டையை விட்டுப் பருத்திக்கு மாறினேன். குற்றவாளி நான்தான் என்று நினைத்துக்கொண்டு பத்து நாள் நடந்தேன்.

அப்புறம்தான் மூன்றாவது முறை, கட்டைவிரலில் வெட்டு. பருத்திக் கால்சட்டை, துவைத்த பை, குளிர்ந்த வாரம். பஞ்சும் இல்லை, வியர்வையும் இல்லை.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு குறிப்பேட்டைப் பிரித்தேன். தேதிகளை விட்டுவிட்டு, திறந்த எண்ணிக்கையை மட்டும் கூட்டினேன். முதல் தடவை இருநூற்று முப்பத்தெட்டு. இரண்டாவது இருநூற்று நாற்பத்தொன்று. மூன்றாவது இருநூற்று முப்பத்தாறு. ஒரு நாளைக்கு இருபத்தைந்து தடவை போல நான் திறக்கிறேன், அதனால்தான் அது பத்தாம் நாளாகத் தெரிந்திருக்கிறது. கத்தி எண்ணியது நாட்களை அல்ல, திறப்புகளை. ஏதோ ஒன்று ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் தேய்கிறது; இருநூற்று நாற்பதில் தீர்ந்துபோகிறது. லோரிஸ் ‘ஊதியதும்’ மறுபடி நிறைகிறது.

ஒன்று தேய வேண்டுமென்றால் அது முதலில் அங்கே இருந்திருக்க வேண்டும். என்ன இருந்தது?

அலகைப் பாதி மடக்கி, வெள்ளைக் காகிதத்தை ஒட்டடைக் குச்சி மாதிரி ஒல்லியாக வெட்டி, பட்டைக்கும் அலகுக்கும் நடுவே நுழைத்து இழுத்தேன். காகிதத்தில் சாம்பல் நிறக் கோடு. மெல்லியதுதான், ஆனால் பளபளத்தது. டைட்டானியம் தேய்ந்தாலும் சாம்பல் நிறம்தான் வரும். அதனால் அலமாரியிலிருந்து அழிப்பானை எடுத்து வந்தேன். உலோகத் தூள் காகிதத்தின் இழைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். ரப்பரால் தேய்த்தால் பரவுமே தவிரப் போகாது.

ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

பென்சில்.

பென்சில் கரி வழவழப்பானது. சிக்குகிற பூட்டின் முகத்தில் தடவினால் உராய்வு குறையும், பட்டை சுலபமாக விடும். தடவுவதற்குத் திருகைக் கழற்றத் தேவையில்லை, அலகைப் பாதி மடக்கினாலே போதும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் திசையில் நான் யோசிக்கவே இல்லை. ஏனென்றால் தடவக்கூடிய கை ஒன்றே ஒன்றுதான், அது லோரிஸின் கை.

காகிதத் துண்டைக் குறிப்பேட்டில் வைத்து மூடினேன்.

பதினொரு மணிக்கு அவன் சதுக்கத்து மூலையிலுள்ள மதுக்கடையில் இருப்பான். இருந்தான். சின்னக் கிளாஸில் வெள்ளை வைன், பக்கத்துத் தட்டில் பொரித்த பாலாடைக்கட்டி.

“என்ன விரல்ல கட்டு? மாமியாரைக் குத்தினியா?”

“உன் கத்திதான் குத்திச்சு. லோரிஸ், அதுல பென்சில் தடவினியா?”

அவன் கிளாஸைக் கீழே வைக்கவில்லை, வாய்க்கும் கொண்டுபோகவில்லை. “யாரு சொன்னா?”

“கத்திதான் சொல்லிச்சு. பேப்பர்ல எழுதிக் காட்டிச்சு.”

“சரி, தடவினேன். அதனால என்ன? ஊர்ல தடவாதவன் எவன்?”

“தடவுறது தப்புன்னு யாரு சொன்னா? பஞ்சுன்னு ஏன் சொன்னே? வேர்வைன்னு ஏன் சொன்னே? நான் பத்து நாளா என் பையைத் துவைச்சுக்கிட்டு இருக்கேன்!”

பக்கத்து மேசையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். லோரிஸ் குரலைத் தாழ்த்தினான்.

“இங்க பாரு. ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு தடவை திறக்கறவ நீ ஒருத்திதான். வாங்கறவன் அஞ்சு தடவை திறப்பான். ஒன்றரை மாசம் தாங்கும். அதுக்குள்ள தேஞ்சு அதுவாப் பழகிடும்.”

“பழகலைன்னா?”

“பழகும்.”

“என் விரலைப் பாத்துட்டுச் சொல்லு.”

அவன் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நீ புள்ளிய உடைக்க மாட்டேன்னு தெரியும் எனக்கு.”

மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் அதைச் சொன்னான். எனக்கு அந்த வாக்கியம்தான் தாங்கவில்லை. அவன் மேல் வைத்த மரியாதையால் நான் செய்யாமல் விட்டது அந்த ஒன்றுதான். அதற்குப் பின்னால்தான் அவன் ஒளிந்திருந்திருக்கிறான்.

“பட்டறைக்கு வா,” என்றேன்.

வில்மா அம்மாள் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “வா ஓண்டினா! தாள் அச்சாகி வந்துடுச்சு. எவ்வளவு அழகா எழுதியிருக்கே!” என்று ஒரு கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள்.

‘ஓண்டினா பிளாத்தேயோ இதைச் சுமந்து பார்த்தார். பூட்டு விரல் பட்டால் விடுகிறது. இவ்வளவு மென்மையான மடக்கத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை.’

வார்த்தைகள் என்னுடையவைதான். ஐந்தாம் நாள் தொலைபேசியில் லோரிஸிடம் மகிழ்ச்சியாகச் சொன்னது. அவன் அதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறான். கீழே என் கையெழுத்து, போன மாடலின் தாளிலிருந்து எடுத்தது.

“நான் எதையும் எழுதித் தரலையே, வில்மா அம்மா.”

அவள் லோரிஸைத் திரும்பிப் பார்த்தாள். “நீதானே சொன்னே, அவ வாயாலேயே சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன்னு?”

“சொன்னது அவதான்,” என்றான் லோரிஸ். “நான் ஒரு வார்த்தை கூட மாத்தல.”

அது உண்மைதான். நான் புகழ்ந்தது அவன் தடவிய பென்சிலை.

மேசை மேலிருந்த திருகாணி முடுக்கியை எடுத்தேன். கத்தியைத் துணி மேல் வைத்து, அவன் கண்ணெதிரிலேயே சிவப்புப் புள்ளியின் மேல் முனையை ஊன்றித் திருப்பினேன். சாயம் சின்னச் சில்லாக உடைந்து துணியில் விழுந்தது. அவன் கன்னம் ஒரு தடவை இழுத்துக்கொண்டது.

அலகைத் தனியே எடுத்துச் சாய்வை அளந்தேன். ஐந்து டிகிரி.

“எந்தக் கட்டையில வச்சுத் தேய்ச்சே?”

அவன் அலமாரியைக் காட்டினான். சாய்வு தேய்க்கும்போது அலகைப் பிடித்துக்கொள்கிற எஃகுக் கட்டை. அவனே செய்தது, பத்தொன்பது வருடம் பழையது. எங்கள் பழைய மாடல்கள் எல்லாவற்றிலும் பூட்டுப் பட்டை எஃகு. எஃகும் எஃகும் அதிகம் ஒட்டிக்கொள்வதில்லை, ஐந்து டிகிரி போதுமானதாக இருந்தது. டைட்டானியம் அப்படியில்லை. எஃகின் மேல் அழுந்தினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பட்டையின் உலோகம் மாறியதும் கட்டையையும் மாற்றியிருக்க வேண்டும். அவன் கை பழக்கத்தில் அதே கட்டையை எடுத்திருக்கிறது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதையே எடுத்திருப்பேன். அந்தத் தவறின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

“எப்பத் தெரியும் உனக்கு?” என்று கேட்டேன்.

“முதல் கத்தியைக் கோர்த்த அன்னிக்கே.”

“அப்பவே எத்தனை அலகு தேய்ச்சாச்சு?”

“எல்லாமே. ரெண்டாயிரம்.”

வில்மா அம்மாள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். “திரும்பத் தேய்க்க முடியாதா?”

“தேய்ச்சுப் பாத்தேன், முதலாளியம்மா. ரெண்டு அலகு. எட்டு டிகிரிக்குத் தேய்ச்சா சிக்கல் போயிடுது. ஆனா தேய்ச்ச அளவுக்கு இடம் விழுந்துடுதே. பட்டை மறுபக்கம் வரைக்கும் போயிடுது, அலகு பல்லு ஆடற மாதிரி ஆடுது. அது இதைவிட மோசம். ரெண்டாயிரத்தையும் உருக்கத்தான் அனுப்பணும். அனுப்பினா அப்புறம் நம்ம கதவைச் சாத்திட வேண்டியதுதான்.”

“என்னைக் கேட்டிருக்கலாமே,” என்றேன்.

“கேட்டா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டே.”

“மாட்டேன்தான். ஆனா உன்கூட உக்காந்து யோசிச்சிருப்பேன்.”

ஆடுகிற அந்த இரண்டு அலகுகளையும், கைப்பிடித் தகடுகள் இரண்டு ஜோடியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வில்மா அம்மாளிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டேன். அச்சடித்த தாள்களை என் கண்முன்னே அடுப்பில் போடச் சொன்னேன். போட்டாள்.

இதற்கு முன் எங்களுக்கு இப்படி ஒரு சிக்கல் வந்தபோதெல்லாம் நானும் லோரிஸும் என் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்காருவோம். அவன் துண்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்து ஏதாவது அபத்தமாகக் கேட்பான், நான் திட்டுவேன், திட்டுகிற வாயிலிருந்தே பதில் வந்துவிடும். இந்தத் தடவை எதிர் நாற்காலியில் மகளின் பள்ளிப் பை இருந்தது. முதல் நாள் முழுக்கப் பட்டையை வளைக்கிற வழியைத் தேடினேன். தப்பான வழி. பட்டையை எவ்வளவு உள்ளே வளைத்தாலும் இடைவெளி இடைவெளியாகத்தான் இருக்கும்.

இரண்டாம் நாள் மதியம் அலகை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தேன். பட்டைப் பக்கம் போகும், உருளைப் பக்கம் வரும். போகும், வரும். அலகுக்கு இரண்டு பக்கமும் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக்காரர் பின்வாங்கிவிட்டார் என்றால், அந்தப் பக்கத்துக்காரரை முன்னே வரச் சொல்லலாமே?

அந்தக் கணம் என் கை தொலைபேசிக்குப் போனதை மறைக்க மாட்டேன். லோரிஸின் எண்ணில் பாதியை அழுத்தினேன். பிறகு வைத்துவிட்டேன்.

மெல்லிய அளவுத் தகடுகளை உருளைக்கும் அலகுக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தகட்டில் ஆட்டம் நின்றது. பட்டையும் பழையபடி அலகுத் தடிமனின் மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றது. ஆனால் உருளையை எவ்வளவு தடிமனாக்குவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. உருளை அதன் மையத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது, அதனால் அதன் குறுக்களவை எவ்வளவு கூட்டினாலும் அதில் பாதிதான் அலகு இருக்கும் பக்கம் வரும். பத்தில் ஒன்று வேண்டுமென்றால் பத்தில் இரண்டு கூட்ட வேண்டும். இப்போதிருப்பது நான்கு மில்லிமீட்டர் உருளை. கடைசல் பட்டறையில் நான்கு புள்ளி இரண்டில் இரண்டு உருளை கடைந்து வாங்கினேன். இரண்டு கத்திகளையும் கோர்த்தேன். திருகில் எந்தப் புள்ளியும் வைக்கவில்லை. பென்சிலை வீட்டிலிருந்தே வெளியேற்றினேன். மகள் இரண்டு நாள் பேனாவால் வீட்டுப்பாடம் எழுதினாள். ஒவ்வொரு கத்தியையும் அறுநூறு தடவை திறந்து மூடினேன். முதல் தடவையும் அறுநூறாவது தடவையும் விரலுக்கு ஒன்று போலவே இருந்தன.

நான்காம் நாள் காலை இரண்டு கத்திகளையும் வில்மா அம்மாளின் மேசையில் வைத்தேன். லோரிஸ் சாணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒன்றை எடுத்து நான்கைந்து தடவை திறந்து மூடினான். குனிந்து உருளையைப் பார்த்தான். புரிந்துவிட்டது, அவனுக்கு எப்போதுமே சீக்கிரம் புரியும்.

“உருளையா!” என்றான். பத்தொன்பது வருடம் கேட்ட அதே குரல். “இது எனக்குத் தோணவே இல்லையே, டாக்டரம்மா.”

“பேர் சொல்லிக் கூப்பிடு,” என்றேன்.

கத்தியை மேசையில் வைத்துவிட்டுச் சாணைப் பக்கம் திரும்பினான். செய்ய வேண்டியதை நான் தாளில் எழுதி வில்மா அம்மாளின் கையில் கொடுத்தேன்:

அலகின் பூட்டு முகத்தை ஐந்து டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குத் தேய்க்கவும். பழைய கட்டை வேண்டாம், புதிது செய்யவும். நான்கு மில்லிமீட்டர் தடுப்பு உருளையைக் கழற்றிவிட்டு நான்கு புள்ளி இரண்டு போடவும். பூட்டு முகத்தில் எதையும் தடவக்கூடாது. இரண்டாயிரம் அலகும் தேறும்.